விரல் நுனி போன பிறகு கிட்டார்: டோனி ஐயோமி கதையில் யாரும் சொல்லாத பாதி

கிட்டார் வாசிக்கிறவருக்கு விரல் நுனி போய்விட்டால் ஊரே ஒரே ஆறுதலைச் சொல்லும்: “டோனி ஐயோமிக்கும் இப்படித்தான் ஆச்சு, அவர் ஹெவி மெட்டலையே உருவாக்கிட்டார் பாரு.” எனக்கு அது ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே வாட்ஸப்பில் வரத் தொடங்கிவிட்டது. பொய்யில்லை. பிளாக் சாபத் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் கிட்டார்காரரான ஐயோமிக்கு இரண்டு விரல் நுனி கிடையாது, அந்தக் கையிலிருந்துதான் ஹெவி மெட்டல் என்ற ஒரு முழு இசை வகையே கிளம்பியது. ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எந்தக் கம்பி போடுவது, விரலில் எதை மாட்டுவது, வலி எப்போது அடங்கும், எவ்வளவு செலவாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தேடிப் பார்த்தாலும் “மனம் தளராதே” ரகத்தில்தான் கிடைத்தது. ஆகவே, இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவருக்கு உதவும் என்று நான் பட்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மாமாவின் ஹார்டுவேர் கடையில் ஷட்டரை இறக்கும்போது மேலே இருக்கும் ஸ்பிரிங் அறுந்தது. பாதியில் நின்றிருந்த ஷட்டர் மொத்தமாக இறங்கி, தகடுகளுக்கு நடுவே இடது கையைப் பிடித்துக்கொண்டது. மோதிர விரலில் நகத்தின் பாதியோடு எலும்பும் கொஞ்சம் போனது. நடுவிரலில் சதை மட்டும். வலி அப்போது தெரியவில்லை, சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் நல்ல எண்ணத்தில் துண்டான நுனியைத் தேடி எடுத்து, கூல்டிரிங்ஸ் பெட்டியில் இருந்த ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நேராகப் போட்டுக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் அதைத் திறந்து பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடுமாம். துண்டான பாகத்தைச் சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும். என் விஷயத்தில் சரியாக வைத்திருந்தாலும் ஒட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான், நுனி அவ்வளவு நசுங்கியிருந்தது. ஆனாலும் இதைக் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கிற எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அடுத்தது, எனக்கு முக்கியமாகப் பட்ட விஷயம். டாக்டர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, “வலது கைப் பழக்கம்தானே?” ஆமாம் என்றேன். “அப்போ பரவாயில்லை, இடது கைதான்” என்றார். கிட்டார்காரருக்கு அது தலைகீழ். வலது கைக்காரர்களுக்குக் கம்பியை அழுத்துகிற கை இடதுதான். கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக்கைப் பிடிக்கிற வலது கையில் ஒரு விரல் நுனி போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. இதைச் சொல்லும் நிதானம் எனக்கு அப்போது இருந்ததே பெரிய விஷயம். சொன்ன பிறகுதான் அவர் உட்கார்ந்து பேசினார். நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பைக் கொஞ்சம் குறைத்துத் தோலை மூடித் தைத்தால் சீக்கிரம் ஆறும், விரல் குட்டையாகும். வேறு இடத்துச் சதையை நகர்த்தி மூடினால் நீளம் மிஞ்சும், ஆற நாளாகும், நுனியில் உணர்ச்சி எப்படி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. நான் நீளத்தைக் கேட்டேன். நடுவிரலில் எலும்பு வெளியே தெரியாததால் வெறும் கட்டு மட்டும் போட்டு, தானாகவே ஆற விட்டார்கள். வீணையோ வயலினோ தவிலோ, எந்த வாத்தியமானாலும் ஆபரேஷனுக்கு முன்பே எந்தக் கை, எந்த விரல், அது வாத்தியத்தில் என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அதோடு, டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த விரல், எலும்பு எவ்வளவு போனது என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். விபத்துக் காப்பீடு ஏதாவது இருந்தால் அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்கள். என் ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் 41,000 ரூபாய்.

ஆறுகிற காலம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் கொஞ்சம் சொல்கிறேன். காயம் மூடின பிறகுதான் உண்மையான வலி தொடங்கியது. நுனியில் ஒரு துணி உரசினாலே தோள் வரை மின்சாரம் பாயும். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி பஞ்சில் ஆரம்பித்து, பிறகு துண்டு, பிறகு அரிசி டப்பாவுக்குள் விரலை விட்டுக் கிளறுவது என்று தோலைப் பழக்கினேன். ஏசி அறையில் விரல் நீலம் பாரித்து விண்விண் என்று தெறிக்கும். இந்தக் குளிர் தாங்காத தொல்லை நிறையப் பேருக்கு வெகு நாள் நீடிக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அது நிஜம். எங்கள் பயிற்சி அறையில் ஏசியை நிறுத்தச் சொல்லி டிரம்மரோடு சண்டையே வந்தது. எங்கள் அம்மாயி மட்டும் வெளிப்படையாகச் சந்தோஷப்பட்டது. “ஏங் கண்ணு, இனியாவது அந்தச் சத்தத்த உட்டுப்போட்டு ஒழுங்கா ஒரு வேலையப் பாக்கலாமில்ல?” கோபம் வரவில்லை. ராத்திரியில் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில்தான் ஐயோமியின் கதையை ஆறுதலாக இல்லாமல் செய்முறைக் குறிப்பாகப் படிக்க உட்கார்ந்தேன். 1965, பர்மிங்காம். அவருக்கு வயது 17. தகரத் தொழிற்சாலையில் வெல்டர் வேலை. இசைக்குழுவோடு ஐரோப்பா போகப் போவதால் அன்றைக்குத்தான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பப் போக மனமில்லாமல் இருக்க, அம்மாதான் “கடைசி நாளை முழுசா முடிச்சிட்டு வா” என்று அனுப்பி வைத்திருக்கிறார். அன்று தகடு வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்ய வேண்டியவர் வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். அது நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் எடுத்துக்கொண்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர், ஆகவே போனது கம்பி அழுத்துகிற வலது கையின் விரல்கள். மனம் உடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். 1928-இல் வண்டி தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் ஐரோப்பிய ஜாஸில் கொடிகட்டிப் பறந்தவர் ஜாங்கோ. இதுவரைதான் எல்லாரும் சொல்வார்கள். இதற்குப் பிறகு அவர் செய்த கைவேலைதான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் பணம் போன இரண்டு கதைகள். ஒன்று, சிலிக்கான் விரல் நுனி. செயற்கை உறுப்பு செய்யும் ஓரிடத்தில் அளவெடுத்து, தோல் நிறத்துக்கு ஏற்ற மாதிரி, நகத்தோடு செய்து கொடுத்தார்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியாது, கல்யாண வீட்டுக்கு மாட்டிக்கொண்டு போகலாம். 16,000 ரூபாய். கிட்டாரில் வைத்தால் கம்பி அதற்குள் அமுங்கிப் போகிறதே தவிர, கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டில் உட்காரவில்லை. பெண்ட் செய்தால், அதாவது கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி வளைத்தால், விரலிலிருந்து முழுதாகக் கழன்று வருகிறது. அது அழகுக்காகச் செய்வது, அழுத்தம் தாங்க அல்ல. ஆர்டர் கொடுக்கும் முன்பே “கம்பியை அழுத்தத் தாங்குமா” என்று நேராகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குச் செய்தவர்கள் “எல்லா வேலையும் செய்யலாம்” என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்று, இடது கைக் கிட்டார். கையை மாற்றிக்கொண்டால் நல்ல வலது கை கம்பி அழுத்துமே என்ற கணக்கு. ஐயோமியே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார், அப்போது தான் வாசிக்கத் தொடங்கி இரண்டு மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன, இப்போது தெரிவது அப்போது தெரிந்திருந்தால் ஒருவேளை கையையே மாற்றியிருப்பேன் என்று. அதைப் படித்துவிட்டு 24,000 ரூபாய்க்கு வாங்கினேன். நம் ஊரில் இடது கைக் கிட்டார் என்றாலே இரண்டு மூன்று மாடல்தான், கடைக்காரர் தருவித்துத் தர வேண்டும், பேரம் பேச இடமில்லை. நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக வாசிக்கிறேன். வலது கை அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் பிக் பிடித்த இடது கைக்குத் தாளம் வரவே இல்லை. மெட்டலில் பாதி உயிர் பிக் பிடிக்கிற கையில்தான் இருக்கிறது. கடைசியில் 11,000-க்கு விற்றேன். வாங்க ஆளே கிடைக்கவில்லை. என் கருத்து இதுதான்: வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தால் கையை மாற்றுவது பற்றி ஒழுங்காக யோசியுங்கள். முதலில் ஒரு இடது கைக் கிட்டாரை எங்காவது இரவல் வாங்கிப் பாருங்கள். வருடக்கணக்கில் வாசித்தவர் என்றால் விரலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சரி, விரல் நுனியில் மாட்டுகிற தொப்பிக்கு வருவோம். ஐயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான சால்டரிங் அயர்னால் துளை போட்டு, விரலில் நுழையும் வரை குடைந்து, உப்புக் காகிதத்தால் தேய்த்துத் தேய்த்து நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும். ஆகவே பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினார். நான் பாட்டில் உருக்கவில்லை. அந்தப் புகையைச் சுவாசிக்க வேண்டிய அவசியம் இப்போது கிடையாது. கைவினைப் பொருள் விற்கிற இடங்களில் வெள்ளை மணிகளாக ஒரு பிளாஸ்டிக் கிடைக்கிறது, சுமார் 60 டிகிரி வெந்நீரில் போட்டால் கண்ணாடி போலாகி மாவு மாதிரி இளகும், ஆறினால் கெட்டியாகிவிடும். அதை விரல் மேல் நேராக வைத்து அச்செடுக்கக் கூடாது, புதுத்தோல் பொசுங்கிவிடும். விரலின் அளவுக்கு ஒரு மெழுகு அச்சு செய்து ஆறவிட்டு, அதன் மேல் சூடு கொஞ்சம் தணிந்த பிளாஸ்டிக்கைப் போர்த்தினேன். சரியாக வரவில்லை என்றால் மறுபடி வெந்நீரில் போட்டால் போதும், பொருள் வீணாகாது. மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள்.

கடினம் அதற்குப் பிறகுதான். தொப்பியின் முன்பக்கம் மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அமுக்கும். ஆனால் மெல்லியதாக்கினால் ஓரம் தழும்பில் குத்தும். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ளுக்கும் தோல் வைக்கணுங்க, வெளிய மட்டும் வச்சா கொப்புளம் போடும்” என்றார். உள்ளே ஆட்டுத்தோல், வெளியே கொஞ்சம் தடித்த மாட்டுத்தோல். வெளியே ஒட்டும்போது வழவழப்பான பக்கம் பிளாஸ்டிக்கை நோக்கி, சொரசொரப்பான பக்கம் கம்பியை நோக்கி. விளிம்பைச் சீவி, ஓரத்தை உருட்டிவிட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். புதுத் தோல் முதலில் வழுக்கும், கம்பி பட்டுப் பட்டு ஒரு பள்ளம் விழுந்த பிறகுதான் பிடிமானம் வரும். ஆகவே கச்சேரிக்கு முந்தின நாள் புதுத் தொப்பி மாட்டாதீர்கள், எப்போதும் பழகின ஒன்று உபரியாக இருக்கட்டும். விரல் சாயங்காலத்தில் கொஞ்சம் வீங்கும், காலையில் அளவெடுத்தால் ராத்திரி இறுக்கும். வியர்வையில் தோல் ஊறி வெளுத்தால் உடனே கழற்றிவிட்டு உலர விடுங்கள். காயம் முழுதாக மூடி, டாக்டர் சரி என்று சொல்லும் வரை எதையும் மாட்டவே கூடாது.

தொப்பி மாட்டின பிறகு கம்பி இருப்பதே விரலுக்குத் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாததால் தேவைக்கு மேல் அழுத்துவோம், கம்பி வளைந்து சுருதி ஏறும். ஐயோமி இதற்குக் கண்ட வழி மெல்லிய கம்பி. அந்தக் காலத்தில் கிட்டாருக்கு மெல்லிய கம்பி செட்டே கிடையாது, ஆகவே பாஞ்சோவுக்கு வரும் கம்பிகளை வாங்கிப் போட்டார். கம்பி கம்பெனிகளிடம் மெல்லிய செட் செய்யச் சொல்லிக் கேட்டபோது யாரும் வாங்க மாட்டார்கள் என்று மறுத்தார்கள், பிறகு வேல்ஸில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. இன்று 8, 9 கேஜ் செட் எந்தக் கடையிலும் தொங்குகிறது (கேஜ் என்பது கம்பியின் தடிமன், எண் குறைந்தால் கம்பி மெல்லியது).

இங்கேதான் எனக்கு இன்னொரு செலவு வந்தது, இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியது. பிளாக் சாபத் மாதிரி தாழ்த்தி டியூன் செய்து வாசிக்கப் போகிறேன் என்றதும் கடையில் “அப்போ மெட்டல் செட் போடுங்க” என்று 12-இல் தொடங்குகிற தடித்த கம்பிகளைத் தந்தார்கள். இணையத்திலும் அதே அறிவுரைதான். இரண்டு செட்டும் செட்டப் கூலியுமாக 3,500 ரூபாய். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் ‘நட்’ என்ற துண்டில் இருக்கும் பள்ளங்களைத் தடித்த கம்பிக்காக அராவியும்விட்டார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் தொப்பிக்குள் ரத்தம் கசிந்தது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கம்பியின் இழுவிசை அதன் தடிமனின் வர்க்கத்தையும் அதிர்வெண்ணின் வர்க்கத்தையும் பொறுத்தது. மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைகிறது. ஆனால் 10 கேஜ் இருந்த இடத்தில் 12 போட்டால் 44 சதவீதம் ஏறுகிறது. இரண்டையும் பெருக்கினால் பழைய இழுவிசையே திரும்ப வந்து நிற்கிறது! சுருதி மட்டும்தான் இறங்கியது, விரலுக்கு ஒரு துளிகூட இளகவில்லை. அதுவே 8 போட்டு, அதே மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை பழையதில் பாதிக்கும் குறைவு.

இந்த இடத்தில்தான் ஹெவி மெட்டலின் வரலாறே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. 1970 பிப்ரவரி 13-இல் வந்த பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் சாதாரண டியூனிங்கில்தான் இருக்கிறது. 1969 அக்டோபரில் லண்டனில் ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தது அது. அதே வருடம் வந்த ‘பாரனாய்ட்’ ஆல்பமும் அப்படித்தான். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில்தான் ஐயோமி ஈ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி இளகினால் விரலுக்கு எளிது, சத்தமும் கனமாகிறது, இரண்டு காரணத்தையும் அவர் சொல்லியிருக்கிறார். சாபத்தில் பாஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லரும் கூடவே இறக்கினார். ‘சில்ட்ரன் ஆஃப் த கிரேவ்’, ‘இன்டு த வாய்ட்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பின்னால் வந்த எத்தனை இசைக்குழுக்கள் இங்கிருந்து கிளம்பியிருக்கின்றன என்று தெரியும். மெதுவாக, கனமாக நகரும் டூம் மெட்டலில் செயின்ட் வைட்டஸ், கேண்டில்மாஸ், பிறகு ஸ்லீப். எலெக்ட்ரிக் விசர்ட் என்ற பெயரே சாபத்தின் இரண்டு பாட்டுத் தலைப்புகளை ஒட்டவைத்ததுதான். 1975-இன் ‘சிம்ப்டம் ஆஃப் த யூனிவர்ஸ்’ ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டைக் கேட்டுவிட்டு, த்ராஷ் என்ற வேகமான மெட்டல் வகை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். 2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சாபத்தை அறிமுகம் செய்து பேசியவர்கள் மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும்.

ஆனால் இந்தப் பரம்பரை தாத்தாவிடமிருந்து கீழ்ச்சுருதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டது, தொளதொளத்த கம்பியை விட்டுவிட்டது. டெத் மெட்டல்காரர்கள் இன்னும் கீழே பி வரைக்கும் போனார்கள், தொண்ணூறுகளில் ஏழு கம்பிக் கிட்டார் வந்தது. வேகமாக, ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் கம்பியைத் தடிமனாக்கி மறுபடி இறுக்கிக்கொண்டார்கள். அவர்கள் விரலுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கு அது சரி. கடையில் எனக்குச் சொன்ன “மெட்டல் செட்” அந்தப் பேரப்பிள்ளைகளின் செட். அடிபட்ட விரலுக்குத் தேவை 1971-இல் இருந்த செட். இந்த ஒரு விஷயத்தை முதல் மாதத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் பணம் கிடக்கட்டும், அந்தத் தழும்பு இரண்டாம் முறை கிழிந்திருக்காது.

மெல்லிய கம்பியும் தாழ்ந்த டியூனிங்கும் சேரும்போது சில தொல்லைகள் வரும். இழுவிசை குறைவதால் கிட்டாரின் கழுத்து பின்பக்கமாக நிமிர்ந்து கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும், கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தெரியாவிட்டால் நீங்களே திருகாதீர்கள், அறுந்தால் கழுத்தே போச்சு. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது கேஜ், டியூனிங் இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள், நட்டை அராவ வேண்டாம் என்றும் எழுதுங்கள். எனக்கு அராவினதற்குப் புது நட் போட 900 ரூபாய் ஆனது. ஸ்கேல், அதாவது கம்பி அதிரும் நீளமும் கணக்கில் உண்டு. ஐயோமி கையில் இருந்த கிப்சன் எஸ்ஜி 24.75 அங்குல ஸ்கேல். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை 25.5. அதே கம்பி, அதே சுருதிக்குக் குட்டைக் கிட்டாரில் இழுவிசை இன்னும் கொஞ்சம் குறையும். முதல் ஆல்பம் பதிவின்போது ஐயோமியின் ஸ்ட்ராட்டில் பிக்கப் பழுதாகி, உபரியாக வைத்திருந்த எஸ்ஜியை எடுத்தார், அப்புறம் அதை விடவே இல்லை. எனக்கு அந்தத் தற்செயல் மிகவும் பிடிக்கும்.

வாசிப்பு எப்படி மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முழுக் கார்டுகள் போய்விட்டன. இரண்டு சுரம் மட்டும் உள்ள பவர் கார்டைச் சுட்டு விரலும் சுண்டு விரலும் போட்டுக்கொள்கின்றன, தொப்பி போட்ட விரல்கள் தனிச் சுரங்களுக்கு மட்டும். முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் அந்தப் பயங்கர ரிஃப் மூன்றே சுரம்: ஜி, ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் ஜி, பிறகு சி ஷார்ப்பில் ட்ரில் என்ற நடுக்கம். மழையும் மணியும் கேட்டு முடிந்ததும் வருமே, அதுதான். இரண்டு கையையும் வைத்து எண்ணக்கூட வேண்டாத அந்த மூன்று சுரத்தை மெதுவாக, ஒவ்வொன்றையும் சாகும் வரை ஒலிக்கவிட்டு வாசித்தபோதுதான் எனக்குத் திரும்ப நம்பிக்கை வந்தது. அடுத்து, தடித்த கம்பியைத் திறந்தே அடிக்கிற ரிஃப்கள். அதற்கு இடது கையே வேண்டாம். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் குறை மறையும் என்று நினைக்காதீர்கள். தொப்பி கம்பியை விடும்போது வரும் கீச்சொலி அந்த டிஸ்டார்ஷன் கூடக் கூட இன்னும் பெரிதாகும். ஐயோமியின் பழைய சத்தம் லேனி ஆம்பும், ட்ரெபிளை உயர்த்தும் ஒரு சின்னப் பெட்டியும் சேர்ந்தது, இன்றைய மெட்டல் பெடல்கள் அளவுக்குக் கரகரப்பே அதில் இல்லை. சாபத்தின் டிரம்மர் பில் வார்டின் வாசிப்பும் கவனிக்க வேண்டியது. அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், தாளம் கொஞ்சம் ஊஞ்சலாடும். அந்த ஆட்டத்தில் விரல் நகர அவகாசம் கிடைக்கிறது. நேர்கோட்டில் தடதடக்கும் டபுள் பேஸ் டிரம்மோடு என்னால் இன்னும் ஈடு கொடுக்க முடியவில்லை, அதை ஒப்புக்கொண்டு பாட்டுப் பட்டியலை மாற்றிவிட்டோம்.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த சாபத்தின் கடைசிக் கச்சேரியை நேரலையில் பார்த்தேன். சாபத்தின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் வளர்ந்த ஆஸ்டன் பகுதி அது. மெட்டாலிகா, ஸ்லேயர், பன்டெரா, டூல், கொஜிரா, மாஸ்டடான், ஆந்த்ராக்ஸ் என்று ஒவ்வொருவரும் வந்து தங்கள் பாட்டோடு சாபத் பாட்டையும் வாசித்தார்கள். பன்டெரா போன்ற முரட்டுக் குழு ‘பிளானட் கேரவன்’ போல மென்மையான பாட்டை எடுத்ததுதான் எனக்கு அன்று பிடித்த விஷயம். கடைசியில் ஆஸி, ஐயோமி, பட்லர், வார்டு என்று சாபத்தின் நால்வரும் வந்தார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடிய ஆஸியைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள், அந்த மாதமே 22-ஆம் தேதி அவர் இறந்தும் போனார். நான் மட்டும் கேமரா ஐயோமியின் வலது கைக்கு எப்போது போகும் என்று காத்திருந்தேன். அறுபது வருடம் கழித்தும் இரண்டு தொப்பிகள், ‘அயர்ன் மேன்’.

இப்போது எங்கள் குழு முழுதாக சி ஷார்ப்பில்தான் வாசிக்கிறது. பாடகருக்குக் கொண்டாட்டம், உச்சஸ்தாயி எல்லாம் எட்டுகிறது. பாஸ்காரர்தான் முறைத்தார். சாதாரண பாஸ் கம்பியை அவ்வளவு இறக்கினால் துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும், அவருக்கு மட்டும் தடித்த செட் வாங்கியே ஆக வேண்டும். பாஸ் கம்பி விலை தெரியும்தானே, கிட்டார் கம்பியைப் போல நாலைந்து மடங்கு. ஆகவே டியூனிங்கை மாற்றுவதற்கு முன்பு குழுவில் எல்லாரோடும் உட்கார்ந்து பேசி, யார் காசு என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் பாதியை நான் தந்துவிட்டேன், மீதிப் பாதியும் என் விரலால் வந்த செலவுதானே என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.